காட்டின் கூரையும் மீன்விழிக் கண்ணாடியும்

புயலில் சிதைந்த ஒரு காடு தன் பழைய நிலையை அடைந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? வீடாயின் விடை எளிது. கூரை வேய்ந்து, கதவைப் பொருத்தி, குடியேறிவிட்டால் வீடு மீண்டும் வீடாகிவிட்டது. காட்டிற்கும் ஒரு கூரை உண்டு. உயர்ந்த மரங்களின் கிளைகளும் இலைகளும் ஒன்றோடொன்று நெருங்கி, மேலே ஒரு பசும்பந்தல் இடுகின்றன. அதனை விதானம் என்கிறோம். அப்பந்தலின் ஓட்டைகள் அடைபட்டுவிட்டால் காடு மீண்டுவிட்டது என்றே பார்ப்பவர் கண் கொள்ளும். அந்தக் கண் எங்கே ஏமாறுகிறது என்பதைச் சொல்லவே இந்த உரை. ஒரு கண்ணாடியின் வரலாற்றையும் ஒரு காட்டின் வரலாற்றையும் சேர்த்துச் சொன்னாலன்றி அது விளங்காது. கண்ணாடி இங்கிலாந்தில் உருவானது; காடு, கரீபியன் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ என்னும் தீவில் இருக்கிறது.

முதலில் கண்ணாடியைப் பார்ப்போம். குளத்தில் மூழ்கிக் கண்ணைத் திறந்து மேலே நோக்கியவர்கள் ஒரு வியப்பைக் கண்டிருப்பார்கள். நீர்ப்பரப்பு முழுவதும் ஒளிர்வதில்லை. தலைக்கு நேர் மேலே வட்டமான ஒரு சாளரம் மட்டுமே ஒளிர்கிறது. அந்த வட்டத்திற்குள் வானம் முழுவதும் அடங்கிக் கிடக்கும். கரையில் நிற்கும் மரங்களும் மனிதர்களும்கூட அதன் ஓரத்தில் சுருங்கித் தெரிவர். இதற்குக் காரணம் ஒளிமுறிவு. அடிவானத்திலிருந்து வரும் கதிர்கள் உட்பட, வானத்தின் எல்லாத் திசைக் கதிர்களும் நீருக்குள் புகும்போது வளைந்து, ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு கூம்பிற்குள் வந்து சேர்கின்றன. 180 பாகை உலகம் ஒரு வட்டத்திற்குள் ஒடுங்கிவிடுகிறது.

மீன் காணும் இந்த உலகத்தைப் படம்பிடித்துக் காட்டியவர் அமெரிக்க இயற்பியல் அறிஞர் ராபர்ட் உட். அவருடைய கருவி மிக எளியது. நீர் நிரம்பிய ஒரு பாத்திரம், அதனுள் ஓர் ஒளிப்படத் தகடு, ஒளி புகுவதற்கு ஓர் ஊசித்துளை; அவ்வளவே. 1906-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையில் இட்ட ‘மீன்விழி’ என்னும் பெயர்தான் இன்றளவும் அவ்வகை லென்ஸுகளுக்கு நிலைத்திருக்கிறது.

தண்ணீரைச் சுமந்துகொண்டு படம் எடுக்க முடியாது. 1922-இல் இங்கிலாந்தில் பாண்ட் என்பவர், நீரின் வேலையை அரைக்கோள வடிவான கண்ணாடி ஒன்று செய்யும் என்று காட்டினார். 1924-இல் ராபின் ஹில் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர், முழு வானத்தையும் ஒரே தகட்டில் பிடிக்கும் லென்ஸ் ஒன்றை வகுத்து வெளியிட்டார். இலண்டனைச் சேர்ந்த பெக் நிறுவனத்தார் அதனைச் செய்து விற்றனர். ஹில் அதனைக் காட்டிற்கென்று அமைக்கவில்லை, மேகங்களுக்கென்று அமைத்தார். வானம் முழுவதிலும் மேகங்கள் எப்படிப் பரந்து கிடக்கின்றன என்பதை ஒரே நொடியில் பதிவு செய்ய வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். தாவரவியல் பயிலும் மாணவர்கள் ‘ஹில் வினை’ என்று பாடத்தில் படிப்பார்கள் அல்லவா? இலையிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகங்கள், தக்க இரும்பு உப்பின் கரைசலில், ஒளி பட்டவுடன் பிராணவாயுவை வெளிவிடுகின்றன என்று 1937-இல் அறிவித்தவரும் இதே ராபின் ஹில்தான். இலை ஒளியைக் கொண்டு என்ன செய்கிறது என்று கண்டவர் அமைத்த கண்ணாடியே, பிற்காலத்தில் இலைக்கு எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்பதை அளக்கும் கருவியாயிற்று. இதனை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அறிவியல் வரலாற்றில் எனக்குப் பிடித்த தற்செயல்களுள் இது ஒன்று.

மேகத்தை நோக்கிய பெட்டியை மரத்தடியில் கொண்டுவந்து வைத்தவர்கள் எவன்ஸ், கூம் என்னும் இரு ஆய்வாளர்கள். அவர்களுடைய கட்டுரை 1959-இல் வெளிவந்தது. காட்டுத் தரையில் லென்ஸை வானம் பார்க்க நிறுத்திப் படம் எடுத்தால் ஒரு வட்டப் படம் கிடைக்கும். நடுவில் உச்சிவானம், விளிம்பில் அடிவானம், சுற்றிலும் இருந்து நடுவை நோக்கிச் சாயும் மரத்தண்டுகள். இலையும் கிளையும் கறுப்பு. இடையே தெரியும் வானம் வெண்மை. அந்த வட்டத்தின்மீது, ஆண்டின் வெவ்வேறு நாட்களில் கதிரவன் செல்லும் பாதையைக் கோடாக வரைந்து பொருத்தினார்கள். எந்த மாதத்தில், எந்த நாழிகையில், எந்த இடைவெளி வழியாகக் கதிரவன் அந்தத் தரையை எட்டிப்பார்ப்பான் என்பதை ஒரே படத்திலிருந்து கணக்கிட முடிந்தது. நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் காட்டில் அமர்ந்து ஒளிமானியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை பெரிதும் குறைந்தது.

1964-இல் மார்கரெட் ஆண்டர்சன் இம்முறையை மேலும் செப்பம் செய்தார். வானவட்டத்தை 1000 கட்டங்களாகப் பகுத்தார். ஒவ்வொரு கட்டமும் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியைத் தருமாறு அவற்றின் அளவை அமைத்தார். படத்தின்மேல் அந்த வலையை வைத்து, வெண்மையான கட்டங்களை எண்ண வேண்டியதுதான். கண்ணும் பொறுமையும் தவிர வேறு கருவி வேண்டியதில்லை. எண்பதுகளில் இந்த எண்ணும் வேலையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது. ராபின் சாஸ்டனும் கிறிஸ்டபர் ஃபீல்டும் 1987-இல் கணிப்பொறி வழியே செய்த கணக்கைச் சோதித்து எழுதினர். அதற்கு முன்பே, 1962-இல், நிக்கான் நிறுவனம் சாதாரணப் படப்பெட்டியில் பொருத்தக்கூடிய மீன்விழி லென்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

இனிக் காட்டிற்கு வருவோம். புவேர்ட்டோ ரிக்கோவின் வடகிழக்கு மூலையில் லூக்கியோ என்னும் மலைத்தொடர் உள்ளது. அங்கே உள்ள மழைக்காட்டின் இன்றைய பெயர் எல் யுங்க்கே தேசியக் காடு. 1876-இல் ஸ்பெயின் அரசர் பன்னிரண்டாம் அல்போன்சோ இதன் ஒரு பகுதியைக் காப்புக்காடாக்கினார். தீவு அமெரிக்காவின் கைக்கு மாறிய பின் 1903-இல் அது மீண்டும் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவுகளின் பழங்குடிகளான தாயினோ மக்களின் மொழிச்சொல்லே ஸ்பானிய மொழி வழியாகச் சென்று ‘ஹரிக்கேன்’ என்று ஆங்கிலத்தில் வழங்குகிறது. புயலுக்கு உலகிற்கே பெயர் தந்த கடல் அது. முற்காலத்தில் புயல் அடித்த நாளுக்குரிய புனிதரின் பெயரையே அப்புயலுக்கு இட்டு வழங்கினர். 1876 செப்டம்பர் 13-இல் ஒரு சான் ஃபெலிப்பே. 1928-இல் அதே செப்டம்பர் 13-இல் இன்னொரு சான் ஃபெலிப்பே. 1928-இல் வந்த இரண்டாம் ஃபெலிப்பேதான் அத்தீவு கண்ட புயல்களுள் மிக வலியது. 1932-இல் சான் சிப்ரியான் வந்தது. அதன்பின் லூக்கியோ காட்டைப் பெருமளவில் சிதைத்த புயல் 57 ஆண்டுகள் வரவில்லை.

1988-இல் அந்தக் காட்டில் நெடுங்கால ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1989 செப்டம்பர் 18-இல், ஹியூகோ புயல் தீவின் வடகிழக்கு முனையைத் தாக்கியது. ஆய்வாளர்கள் மலைக்குச் சென்று பார்த்தபோது பசுமை மறைந்து, காடு பழுப்பு நிறமாகக் கிடந்தது. நெருப்பு வைத்தாற்போன்ற தோற்றம். ஆயினும் இலை இழந்த மரங்களுள் பெரும்பாலானவை இறக்கவில்லை. சில வாரங்களில் மொட்டைக் கிளைகள் துளிர்த்தன. சியெரா என்னும் மலைப்பனை, கீற்றுகளைக் காற்றுக்குக் கொடுத்துக் குருத்தைக் காத்துக்கொண்டது. தாபோனுக்கோ என்னும் பெருமரம் ஒன்று அங்கே உண்டு; நம் மலைக்காடுகளில் வளரும் கருங்குங்கிலியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது; மணமுள்ள பிசின் வடிப்பது; சில நூற்றாண்டுகள் வாழவல்லது. மலைமுகடுகளில் பக்கத்துப் பக்கத்து மரங்களின் வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைந்துவிடுவதால், அது எளிதில் சாயாது. இதற்கு நேர் எதிர் யாக்ரூமோ. உள்ளே கூடான தண்டு, அகன்ற பெரிய இலை. காற்றடித்தால் முதலில் முறிவது அதுவே. ஆனால் அதன் விதைகள் மண்ணுக்குள் உறங்கிக்கொண்டே இருக்கின்றன. கூரை பிய்ந்து வெயில் தரையில் பட்டதும் அவை ஆயிரக்கணக்கில் எழுந்து நிற்கும்.

இங்கேதான் ஆய்வாளர்களுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. புயல் ஒரே இரவில் இரண்டு காரியங்களைச் செய்கிறது. கூரையைத் திறந்து தரைக்கு ஒளியைக் கொண்டுவருகிறது. உதிர்ந்த இலையையும் கிளையையும் தரையில் எருவாகக் குவிக்கிறது. பின்னால் நிகழும் மாற்றங்களுக்கு ஒளி காரணமா, எரு காரணமா? புயலையே கேட்டால் அது பிரித்துச் சொல்லாது. ஆகவே அவர்கள் புயலைத் தாமே நடத்திப் பார்த்தார்கள். 2004-இலும் 2005-இலும், அளந்து குறித்த நிலத்துண்டுகளில் மரமேறத் தெரிந்தவர்களைக் கொண்டு கிளைகளைக் கத்தரித்தார்கள். சில துண்டுகளில் கத்தரித்து, வெட்டியதை அங்கேயே போட்டார்கள். சிலவற்றில் கத்தரித்து, விழுந்ததை அப்புறப்படுத்தினார்கள். அவ்வாறு வாரியதைக் கத்தரிக்காத வேறு துண்டுகளில் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். இன்னும் சிலவற்றை ஒன்றும் செய்யாமல் விட்டார்கள். பிறகு எல்லாவற்றிலும் கூரையின் திறப்பை மீன்விழிப் படங்களால் அளந்து வந்தனர். பல உயிர்களின் வாழ்வை மாற்றியதில் எருவைக் காட்டிலும் திறந்த கூரைக்கே பெரும்பங்கு என்று அந்தச் சோதனை காட்டிற்று. கூரையோ வெகு விரைவில் மூடிக்கொண்டது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் படத்தின் கணக்கு வெட்டுவதற்கு முன்னிருந்த அளவிற்குத் திரும்பிவிட்டது.

ஒன்றரை ஆண்டில் காடு மீண்டுவிட்டதா? இந்தக் கேள்வியில்தான் நான் முதலில் சொன்ன ஏமாற்றம் இருக்கிறது. படப்பெட்டி தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதற்கு மேலே மூன்று மீட்டரில் ஒரு யாக்ரூமோ இலை இருந்தாலும், இருபத்தைந்து மீட்டரில் ஒரு தாபோனுக்கோ இலை இருந்தாலும் படத்தில் இரண்டும் ஒரே கறுப்புப் புள்ளிதான். கொடியும் பெரணியும் படர்ந்து மறைத்தாலும் கறுப்பே. வானத்தை மறைப்பது எது என்று அந்த எண் கேட்பதில்லை. மறைத்திருக்கிறதா என்று மட்டுமே கேட்கிறது. நாற்றுக்கு எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்பதற்கு அது நம்பத்தக்க சான்று. காடு எப்படி இருக்கிறது என்பதற்கு அது பாதிச் சான்றே.

மறுபாதியைச் சொல்லும் பழைய ஆவணம் ஒன்று அந்தக் காட்டிலேயே உண்டு. எல் வெர்தே என்னும் இடத்தருகே ஒரு நிலத்துண்டில் உள்ள மரங்களின் அடிப்பருமனை வனத்துறையினர் 1943 முதல் 1976 வரை விட்டுவிட்டு அளந்து வந்தனர். மீன்விழி இல்லை, கணிப்பொறி இல்லை. அளவுநாடாவும் குறிப்பேடும் மட்டுமே. 1932-இன் புயலுக்குப்பின் பல பத்தாண்டுகள் கழிந்தும் அந்தக் காடு பருத்துக்கொண்டும், மர இனங்களின் விகிதம் மாறிக்கொண்டும் இருந்ததை அந்தக் குறிப்புகள் காட்டுகின்றன. கூரை மூட ஒன்றிரண்டு ஆண்டு. மரம் தேற ஒரு தலைமுறைக்கு மேல். நாடாவைப் பிடித்த அந்த வனக்காவலர்களை நினைக்கும்போது எனக்கு மதிப்பு மிகுகிறது. தம் அளவைகள் எதற்குப் பயன்படும் என்று அவர்கள் முழுதும் அறிந்திருக்க முடியாது.

2017 செப்டம்பர் 20-இல் மரியா புயல் அந்தத் தீவைக் குறுக்கே கடந்தது. கரையேறியபோது அதன் காற்று மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். 1928-இன் ஃபெலிப்பேக்குப் பிறகு அவ்வளவு வலிய புயல் அங்கே அடித்ததில்லை. 1990 முதல் ஒவ்வொரு மரத்தையும் எண்ணிட்டுக் கணக்கெடுத்து வரும் 16 ஹெக்டேர் நிலம் ஒன்று எல் வெர்தேயில் உள்ளது. அங்கே மீண்டும் கணக்கெடுத்தவர்கள் 2019-இல் வெளியிட்ட முடிவு கவலை தருவது. ஹியூகோவில் இறந்ததைப்போல இருமடங்கு மரங்கள் மரியாவில் இறந்தன. முந்திய புயல்களைவிட மும்மடங்கு தண்டுகள் முறிந்தன. வயிரம் பாய்ந்த கட்டையுள்ள மரங்கள் ஹியூகோவில் முறியாமல் தப்பின. மரியாவில் அந்த வயிரமும் அவற்றை முறிவிலிருந்து காக்கவில்லை.

இன்னொரு சான்று வானிலிருந்து கிடைத்தது. நாசா நிறுவனத்தின் விமானம் ஒன்று, லேசர் ஒளியைக் கீழே பாய்ச்சி மரங்களின் உயரத்தை அளக்கும் கருவியுடன், புயலுக்குச் சில மாதங்கள் முன் 2017-இல் அத்தீவின்மேல் பறந்திருந்தது. 2018-இல் அதே தடத்தில் மீண்டும் பறந்தது. உயர்ந்த மரங்களில் நூற்றுக்கு 40 முதல் 60 வரை கிளை இழந்தோ, முறிந்தோ, வேரோடு சாய்ந்தோ போயிருந்தன. காட்டின் சராசரி உயரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கீழிருந்து பார்க்கும் படம் தராத உயரக்கணக்கை மேலிருந்து வந்த ஒளி தந்தது. ஆனால் விமானம் நினைத்தபோதெல்லாம் பறக்காது. அதற்கு ஆகும் செலவை ஏழை நாடுகள் தாங்கமாட்டா.

இந்த இடத்தில்தான் கோளப்படம் வந்து உதவுகிறது. இரண்டு மீன்விழி லென்ஸுகளை முதுகோடு முதுகாகப் பொருத்திய சிறு படப்பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன. ரிக்கோ நிறுவனம் 2013-இல் வெளியிட்ட பெட்டி அவற்றுள் முன்னோடி. ஒருமுறை அழுத்தினால் மேலும் கீழும் சுற்றிலும், 360 பாகையும் ஒரே படமாகப் பதிந்துவிடும். கண்களை மூடும் காட்சிக்கருவியை அணிந்துகொண்டு அதனைப் பார்த்தால், காட்டின் நடுவே நிற்பதுபோலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். இதனைச் சிலர் வேடிக்கைப் பொருளாகவே கருதுகின்றனர். அது சரியன்று. அந்தக் கோளத்தின் மேற்பாதியை வெட்டி எடுத்தால் அது பழைய மீன்விழிப் படமே. ஆண்டர்சன் எண்ணியபடியே எண்ணலாம். கைபேசியால் எடுத்த கோளப்படங்களிலிருந்து கணக்கிட்ட கூரைத்திறப்பு, உயர்தர மீன்விழிப் படங்களின் கணக்கோடு நன்கு ஒத்துவருகிறது என்று யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றும் காட்டியுள்ளது. நடுப்பகுதியிலோ, வானத்தை மட்டும் நோக்கிய படத்தில் விளிம்போடு ஒதுங்கிப்போன செய்திகள் உள்ளன: நிற்கும் தண்டுகள் எத்தனை, முறிந்தவை எத்தனை, துளிர் அடியிலிருந்து வருகிறதா நுனியிலிருந்தா, கூரையாகத் தோன்றுவது பெருமரமா படர்ந்த கொடியா. கீழ்ப்பாதியில் நாற்றுகளும் மக்கிய கிளைகளும் தெரியும். எண்ணும் காட்சியும் ஒரே நொடியில், ஒரே இடத்தில் எடுக்கப்பட்டவை. ஆதலின் ஒன்று மற்றொன்றைத் திருத்தும்.

கருவி எளிதாகிவிட்டதால் முறையும் எளிதாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. காட்டின் இருட்டில் தானியங்கிப் படப்பெட்டி வெளிச்சத்தை மிகுதியாக வாங்கிக்கொள்ளும். அப்போது வானத்தின் வெண்மை பரவிச் சிறு இலைகளை விழுங்கிவிடும். கூரை உள்ளதைவிடத் திறந்ததாகக் கணக்கு வரும். கதிரவன் நேரே தெரியும்போது எடுத்தாலும் இதே கதி. அதனால் விடியலிலோ, மாலையிலோ, ஒரே சீராக மேகம் மூடிய நேரத்திலோதான் எடுக்க வேண்டும். பெட்டி மட்டம் பிசகாமல் நிற்க வேண்டும். வடக்கு எது என்று குறிக்க வேண்டும். இரண்டு படங்கள் கூடும் ஒட்டில் கிளைகள் உடைந்து தெரியும். அதனையும் கவனிக்க வேண்டும். யாவற்றினும் பெரிய தொல்லை, அதே இடத்தை மீண்டும் கண்டுபிடிப்பது. அடர்ந்த இலைக்கடியில் செயற்கைக்கோள் காட்டும் இடம் சில மீட்டர்கள் தள்ளிப்போகும். அந்தச் சில மீட்டரில் ஒரு மரமே படத்திற்குள் வந்துவிடலாம், ஒரு மரமே போய்விடலாம். தரையில் அடித்த உலோக முளைதான் நம்பத்தக்கது. அதுவும் புயலுக்குப்பின் குப்பைக்கடியில் புதைந்துவிட்டால், அருகிலுள்ள பாறைகளிலிருந்து அளந்துதான் தேட வேண்டும்.

இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்பீர்கள். 1932-க்கும் 1989-க்கும் இடையே அந்தக் காட்டிற்கு 57 ஆண்டு ஓய்வு கிடைத்தது. ஹியூகோவுக்குப்பின் ஒன்பதே ஆண்டில், 1998-இல், ஜார்ஜஸ் வந்தது. அதன்பின் 19 ஆண்டில் மரியா. கடல்நீர் வெப்பமடைவதால் கொடும்புயல்களின் வலிமை மிகும் என்று வானிலை அறிஞர் பலரும் கருதுகின்றனர். கூரை ஒவ்வொரு முறையும் இரண்டாண்டில் மூடிக்கொள்ளும். வானத்தைப் பார்க்கும் படம் ஒவ்வொரு முறையும் நலம் என்றே சொல்லும். அந்தக் கூரையின்கீழ் நூற்றாண்டு வாழும் தாபோனுக்கோ குறைந்து, மலைப்பனையும், சில பத்தாண்டே வாழும் யாக்ரூமோவும் பெருகிவந்தால், பெயர் அதுவாக இருக்கும், பசுமையும் இருக்கும், காடு வேறாகியிருக்கும்.

மீன்விழிப் படத்தில் மலைப்பனையை அடையாளம் காண்பது எளிது. மற்ற இலைகள் கறுப்புத் திட்டுகளாக மயங்கிக் கிடக்க, பனையின் கீற்றுகள் மட்டும் விண்மீனைப்போல நடுவிலிருந்து நாற்புறமும் விரிந்து தெரியும். ஒளியை மட்டும் அளப்பதற்கென்று எடுத்த பழைய படங்களிலும் அந்தக் கீற்றுகள் பதிந்தே இருக்கும். எடுத்தவர்கள் அவற்றை எண்ணவில்லை. ஒரே முளையின்மேல் பத்தாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்து, ஒளியை விட்டுவிட்டுக் கீற்றுகளை மட்டும் எண்ண ஒரு மாணவருக்கு ஒரு பிற்பகல் போதும்.